சீன விசாவும் உரும்பிராய்க்காரனும்

யாழ்ப்பாணத்தான் ஒருவன் சும்மா ஊர் பார்க்கப் போகிறான் என்றால் நம்புவார் எவருமில்லை. விசா அதிகாரி நம்பமாட்டார். விமானத்தில் ஏற்றுவதற்கு முன் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பவர் நம்பமாட்டார். உரும்பிராய்ச் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவர்களும் நம்பமாட்டார்கள். படிக்கப் போனான், கலியாணம் முடித்துப் போனான், ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போனான், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனார் என்றால் அது பயணம். ஒரு மதிலையும் ஓர் ஆற்றையும் நான்கு கற்றூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரப் போகிறான் என்றால், “அது கிடக்கட்டும், உண்மையைச் சொல்லு” என்பார்கள்.

அண்மையில் சீனாவுக்குச் சுற்றுலா விசா கேட்டு விண்ணப்பித்தேன். நான் வாழும் நாட்டில் எனக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டு, குடியுரிமை இல்லை. கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. பிறந்த நாட்டிலும் அல்லாமல், போகும் நாட்டிலும் அல்லாமல், இடையில் உள்ள மூன்றாவது நாடொன்றில் நின்றுகொண்டு விசா கேட்பவனுக்கு ஒரு பத்திரம் கூடுதலாகத் தேவை: தான் அங்கே சட்டப்படிதான் வாழ்கிறான் என்பதற்கான அத்தாட்சி. அதாவது, போக விரும்பும் நாட்டுக்குத் தகுதியுடையவன் என்று காட்டுவதற்கு முன், இருக்கும் நாட்டில் இருக்கத் தகுதியுடையவன் என்று காட்டவேண்டும். இது நியாயமான கேள்வியே. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் கை சற்று நடுங்குகிறது. பழக்கதோஷம்.

சுற்றுலா விசாதான் விசாக்களுள் எளியது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எங்களைப் பொறுத்தவரையில் அதுவே கடினமானது என்பது என் கருத்து. அகதி தன் அச்சத்தை நிரூபிக்க வேண்டும். மாணவன் தன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் போதும். சுற்றுலாப் பயணி நிரூபிக்க வேண்டியதோ இனிமேல் நடக்கவிருக்கும் ஒன்றை: தான் திரும்பி வருவான் என்பதை. நாற்பது ஆண்டுகளாகத் திரும்பி வராமையையே வரலாறாகக் கொண்டுவிட்ட ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன் அதை எதைக் கொண்டு நிரூபிப்பது?

சீன விண்ணப்பப் படிவம் நீளமானது. இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையொப்பமிட்டுக் கொண்டுபோக வேண்டும். பெயர், பிறந்த இடம், இப்போதைய குடியுரிமை, முன்னைய குடியுரிமை, கல்வி, தொழில், பெற்றோர், துணைவர், பிள்ளைகள், செலவை யார் ஏற்பது என்று அது ஆளைத் துருவிக்கொண்டே போகிறது. முதற்கூட்டிலேயே எனக்குச் சிக்கல். ‘குடும்பப் பெயர்’ என்கிறது படிவம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயரைத்தான் அந்த இடத்தில் எழுதி வருகிறோம். சீனர்களும் குடும்பப் பெயரை முன்னே வைத்தே தம் பெயரைச் சொல்பவர்கள். தகப்பன் பெயரின் தலையெழுத்தை முன்னே வைக்கும் எங்களை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று எண்ணியிருந்தேன். விசா நிலையத்துச் சாளரத்தில் இருந்த பெண் விளங்கிக்கொண்டார். அடுத்த வரியில் தகப்பனாரின் குடும்பப் பெயர் வேறாக இருப்பதைக் கண்டதும் விளக்கம் கலைந்துவிட்டது. தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயர் மாறும் குடும்பம் எப்படிக் குடும்பமாகும் என்ற அவருடைய ஐயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பிறந்த இடத்துக்கு மூன்று கூடுகள்: நாடு, மாகாணம், நகரம். மாகாணத்தில் வட மாகாணம் என்று எழுதினேன். (1988இலிருந்து 2006 வரை அது வடகிழக்கு மாகாணமாக இருந்தது, நான் பிறந்தபோது வட மாகாணம், இப்போதும் வட மாகாணம். இடையில் நடந்ததைப் படிவம் கேட்கவில்லை.) நகரம் என்ற கூட்டில் உரும்பிராய் என்று எழுதினேன். வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையும் விளைந்த செம்பாட்டு மண், கருணாகரப் பிள்ளையார் கோயில், இந்துக் கல்லூரி, பலாலி வீதி, ஒரு சந்தி. இவற்றைச் சேர்த்து ஊர் என்று சொல்லி வளர்ந்தவன் நான். அது நகரமானது அன்றுதான்.

இவையெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. சிரிக்க முடியாத கேள்வி ஒன்றும் அதிலே இருக்கிறது. துணைப்படையிலோ, கெரில்லாப் படையிலோ, ஆயுதமேந்திய எதிர்ப்பு இயக்கத்திலோ எப்போதாவது பணியாற்றியதுண்டா, உறுப்பினராக இருந்ததுண்டா என்று கேட்கிறார்கள். அமெரிக்கப் படிவத்திலும் இத்தகைய கேள்வி உண்டு. சீனர்களை மட்டும் குறைசொல்ல இடமில்லை. ஆனால் இந்தக் கேள்வியை உரும்பிராயில் பிறந்த ஒருவனிடம் கேட்பதை எண்ணிப் பாருங்கள். பொன்னுத்துரை சிவகுமாரன் பிறந்த ஊர் அது. 1974 யூன் 5இல் பொலிசாரிடம் பிடிபட்டபோது சயனைட் அருந்தி உயிர்விட்டவர் அவர். அதன்பின் அந்த ஊரில் ஆயுதத்தோடு சம்பந்தப்படாத வேலி ஏது, வீடு ஏது?

நான் ‘இல்லை’ என்று குறித்தேன். என் விடயத்தில் அது உண்மை. பேனா பிடித்தது தவிர நான் வேறெதையும் பிடித்தவனல்லன். ஆனால், பதுங்குகுழி வெட்டுவதற்காகக் கூட்டிச் செல்லப்பட்டவன் எதைக் குறிப்பான்? கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டு, மூன்றாம் வாரம் தப்பி ஓடிவந்து, பிறகு வெளிநாடு போய்ச் சேர்ந்தவன் எதைக் குறிப்பான்? ‘ஆம்’ என்றால் விபரம் எழுத இடம் தருகிறார்கள். ‘பலவந்தமாக’ என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன எடை என்பது அதை வாசிப்பவரைப் பொறுத்தது. இப்படிப்பட்டவர்கள் என் வயதில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் குடும்பத்தோடு சுற்றுலாப் போவதே இல்லை. பிள்ளைகள் ஏனென்று கேட்டால் விமானத்தில் தலைசுற்றும் என்கிறார்கள்.

திரும்பி வருவாயா என்ற கேள்வியை நாங்கள் முதன்முதலில் கேட்டது தூதரகங்களிலல்ல. எங்களுடைய முதலாவது விசா, சொந்த மண்ணிலிருந்து வெளியேறுவதற்கானது. 1990இன் பின் குடாநாட்டைவிட்டுப் போக விரும்பியவர் விடுதலைப் புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஓர் ஆள் பிணை நிற்கவேண்டும். பிணைக்காகக் காணியையும் வீட்டையும் எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. அப்போது இளைஞர்களாக இருந்த எங்களுக்கு அந்தப் பாஸ் இலேசில் கிடைக்காது. கிடைத்தவர்கள் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, வவுனியா வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணம் 1995–96இல் இராணுவத்தின் கைக்கு மாறிய பிறகு பாஸின் பெயர் ‘கிளியரன்ஸ்’ என்றானது. வவுனியாவில் தங்க ஒரு பாஸ், அதைத் தாண்டிக் கொழும்பு போக இன்னொரு பாஸ். கொழும்பு லொட்ஜில் தங்கினால் பொலிசில் பதிவு; எதற்காக வந்தீர், எத்தனை நாள் நிற்பீர், எப்போது திரும்புவீர்? சீனப் படிவத்தில் உள்ள அதே கேள்விகள். பதில் பிடிக்காதபோது என்ன நடந்தது என்பதை 2007 யூன் 7 அதிகாலையில் கண்டோம். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தவேண்டியிருந்தது. சொந்த நாட்டில் விசா மறுக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டவர்கள் என்று அவர்களைச் சொன்னால் பிழையில்லை.

ஆகவே வங்கிக் கூற்றைக் காட்டு, வேலைக் கடிதத்தைக் காட்டு என்று ஒரு தூதரகம் கேட்கும்போது, அது வேறு பெயரில் வரும் பிணைதான் என்பது எங்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எங்களை நம்பாததற்கு அவர்களிடம் காரணம் இல்லாமலில்லை. 1983 யூலைக்குப் பிறகு எங்களவர்கள் கிடைத்த கதவையெல்லாம் தட்டினார்கள். கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குப் போய் இறங்கினார்கள். அந்தக் கோட்டை ஓர் எல்லையாகவே மேற்கு ஜேர்மனி ஒப்புக்கொள்ளாததால் அங்கே மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டைக் கேட்பாரில்லை. 1985இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எங்களுக்கு அடைத்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரஜைகள்மீது பிரிட்டன் விதித்த முதலாவது விசாக் கட்டுப்பாடு அது. அந்தப் பெருமை எங்களால் இலங்கைக்குக் கிடைத்தது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த ஆண்டிலேயே, உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று சட்டம் வந்தது. அன்றிலிருந்துதான் விமானத்தில் ஏற்றுபவரும் பாதி விசா அதிகாரியானார்.

உயிர் தப்ப ஓடியவன் சுற்றுலா விசாவை முகமூடியாக அணிந்ததில் நான் குற்றம் காணமாட்டேன். வேறு விசா அவனுக்கு எவரும் தரவில்லை. ஆனால் போர் 2009இல் முடிந்த பிறகும் அந்த முகமூடியை விற்றுப் பிழைக்கும் ஏஜென்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவன் சுற்றுலா விசாவில் போய் மறைந்துவிட்டால், அதே ஊரிலிருந்து அடுத்து விண்ணப்பிக்கும் பத்துப் பேரின் முகத்தில் அவனுடைய முகம் தெரிகிறது. வெளிநாட்டில் வேர் ஊன்றிவிட்ட எங்களில் சிலரோ இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறார்கள். மெச்சுகிறவர்கள் அடுத்த விடுமுறைக்குப் பாலித் தீவுக்கோ பீஜிங்குக்கோ இடைஞ்சலின்றிப் போய்வருவார்கள். ஊரில் இருப்பவர்தான் அதன் விலையைக் கட்டுகிறார்.

சீனாவிடம் வருவோம். சீனாவில் போய்த் தங்கிவிடும் எண்ணம் எந்த யாழ்ப்பாணத்தானுக்கும் இருப்பதாக அந்தச் சாளரத்தில் எவரும் கருதவில்லை. என்னுடைய வங்கிக் கூற்றை அந்தப் பெண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் நிறுத்திப் பார்த்தது தொழில் என்ற கூட்டை. சீன விசா வகைகளின் எழுத்துகள் சீனச் சொற்களின் முதலெழுத்துகள்: பயணத்துக்கு ‘எல்’, செய்தியாளருக்கு ‘ஜே’. பத்திரிகையாளன் ‘எல்’ கேட்பது ஏன்? ‘ஜே’ அல்லவா கேட்கவேண்டும்? இரண்டு தடவை திரும்பப் போகவேண்டி வந்தது. சீனாவில் தங்கியிருக்கும் காலத்தில் செய்தி சேகரிக்கமாட்டேன், எவரையும் பேட்டி காணமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாடு, நான் தங்கிவிடுவேன் என்று அஞ்சாமல் நான் எழுதிவிடுவேன் என்று அஞ்சியது. முப்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை இதுவாக இருக்கலாம். (இந்தப் பதிவு படிவத்தைப் பற்றியது, சீனாவைப் பற்றியதன்று என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.)

எதற்காகச் சீனா என்று நண்பர்கள் கேட்டார்கள். தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்றொரு துறைமுக நகரம். மார்க்கோ போலோ சைத்தூன் என்று குறிப்பிட்ட ஊர் அதுதான். அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். அக்கோயிலைப் பற்றிய தமிழ்ச் சாசனம் கிடைத்திருக்கிறது. அடியில் சீன எழுத்து வரியும் உண்டு. காலம் கி.பி. 1281, சித்திரை, குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப்பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளப்பண்ணினார் என்கிறது சாசனம். அழிந்த இந்துக் கோயிலின் சிற்பத் தூண்கள் சில இன்றும் அங்குள்ள கையுவான் என்னும் பௌத்த ஆலயத்தில் நிற்கின்றன. பத்திரிகையாளனாக அல்லாமல், கலைப்பீடத்தில் வரலாறு படித்த பழைய மாணவனாக அத்தூண்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அச்சாசனத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் சொல் ஒன்று உண்டு: ‘பர்மான்’. அரச ஆணை, அனுமதி என்று பொருள். கானின் பர்மான்படி இக்கோயில் அமைந்தது என்று பொறித்திருக்கிறார்கள். ஆகவே அனுமதி என்பது இன்று நேற்று வந்ததன்று. 1281இலும் சீனாவில் தமிழனுக்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டது. வேறுபாடு என்னவென்றால், கான் கொடுத்த அனுமதி அங்கே இருப்பதற்கானது. நான் கேட்பது வெறுமனே பார்ப்பதற்கானது.

சீனர்களும் இங்கு வந்தார்கள். செங் ஹே என்ற கடற்படைத் தளபதி கொண்டுவந்து காலியில் நட்ட கல்லில் 1409ஆம் ஆண்டின் சாசனம் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கைகளைக் கூறுகிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே செங் ஹே இங்கிருந்த மன்னன் அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். இலங்கையிலிருந்து விசா இல்லாமல் சீனா போனவர்களில் அவனும் ஒருவன்.

பிற்காலத்தில் 2021 டிசெம்பரில் சீனத் தூதுவர் சி சென்ஹொங் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, மேலாடையின்றி நல்லூர்க் கோயிலில் வழிபட்டதைப் பத்திரிகைகளெல்லாம் படத்தோடு போட்டன. அவர் பார்க்கத்தான் வந்தார் என்று டில்லியும் நம்பவில்லை, கொழும்பிலும் பலர் நம்பவில்லை. அந்த ஒரு விடயத்தில் சீனத் தூதுவரும் உரும்பிராய்க்காரனும் ஒரே நிலையில் இருந்தார்கள். பின்னர் 2023 ஒக்டோபரில் இலங்கை அரசு சீனா உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லா விசாவை அறிவித்தது. அதற்குக் கைமாறாக இலங்கைச் சாதாரண கடவுச்சீட்டுக்குச் சீனா கதவைத் திறக்கவில்லை; கேட்டார்களா என்பதே எனக்கு ஐயம்.

ஆனால் சீனா வேறு பலருக்குத் திறந்தது. எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே வளவில் பிறந்து, ஒரே கிணற்றில் குளித்தவர்கள். தங்கை பிரெஞ்சுப் பிரஜை. அவளுக்கு 2023 டிசெம்பர் 1 முதல் சீனா போக விசா தேவையில்லாமற் போயிற்று. தம்பி சுவிஸ் பிரஜை. அவனுக்கு 2024 மார்ச் 14 முதல். மலாயா ரயில்வேயில் வேலை செய்யப்போன பெரிய பாட்டனாரின் வழிவந்த மலேசிய உறவினருக்கும் தங்கையோடு அதே நாளில் கதவு திறந்தது. முதலில் 15 நாள் என்றிருந்தது, 2024 நவம்பர் இறுதியில் 30 நாளாயிற்று. இவர்களில் எவரும் ஆயுதக் கேள்விக்குப் பதில் எழுதவேண்டியதில்லை, குடும்பப் பெயரை விளக்கவேண்டியதில்லை. தம்பியின் நண்பன் ஒருவன் சுவிசில் முப்பது ஆண்டாக வாழ்ந்தும் அகதிகளுக்கான பயணப் பத்திரத்தோடுதான் இருக்கிறான். அவன் வேலை செய்யும் உணவகமும் தம்பி வேலை செய்யும் உணவகமும் ஒரே தெருவில். இந்தச் சலுகை சாதாரண கடவுச்சீட்டுக்கு மட்டுமே உரியது என்பதால் அவன் வரிசையில் நிற்கவேண்டும். மனிதர்களை எடைபோட்டுத்தான் விசா தருகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்த வளவுக்கு வந்து யாரை எப்படி எடைபோட்டார்கள் என்று சொல்லட்டும்.

இந்த வரிசையில் கடைசியில் நிற்பவர் ஊரில் இருக்கிறார். எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியர். கரும்பலகையில் வெண்கட்டியால் ஒரே இழுப்பில் மஞ்சளாற்றை வரைந்து, அது ஏன் ‘சீனாவின் துயரம்’ எனப் பெயர் பெற்றது என்று ஒரு பாடவேளை முழுவதும் சொன்னவர். எழுபதைக் கடந்துவிட்டார். இந்தியாவுக்கு ஒருமுறை கோயில்களுக்குப் போய்வந்ததைத் தவிர இலங்கையைவிட்டு வெளியேறியதில்லை. நான் சீனா போகப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் போகவில்லை, வைத்தியத்துக்குப் போகவில்லை. ஆற்றைப் பார்க்கப் போகிறார். அதை நம்பச் செய்வதற்கு அவரிடம் இருப்பவை ஓய்வூதியப் புத்தகமும், மூன்று பரப்புக் காணியின் உறுதியும், மனைவியின் படமும். அந்த மனிதர் திரும்பி வருவார் என்பதற்கு உரும்பிராயில் எவரும் பிணை நிற்பார்கள். ஆனால் அந்தப் பிணையை ஏற்கும் கூடு படிவத்தில் இல்லை.

கடவுச்சீட்டு மட்டும் இப்போது இலகுவாகியிருக்கிறது. 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் இயங்குகிறது. பத்தரமுல்லையில் போய் விடியவிடிய வரிசையில் நிற்கவேண்டியதில்லை. விசாவுக்குத்தான் கொழும்பு போகவேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு பஸ்.

எனக்கு விசா வந்துவிட்டது. ஒரு தடவை நுழைவு, முப்பது நாள். ஆசிரியருக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அவருடைய படிவத்தைத் தொலைபேசியில் வரிக்கு வரி சொல்லி நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நேற்றுப் பிறந்த இடம் வரை வந்தோம். பிறப்புச் சான்றிதழில் உரும்பிராய் ஆங்கில எழுத்தில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கிறதாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள் சேர் என்றேன்.

“அப்ப நான் பிறந்த இடம் மாறிப்போகாதோ தம்பி?” என்றார்.